காதற் கதைத் தலைவன்

காதற் கதைகளைக் குறித்துக் கல்லூரி ஆண்டு மலரில் எழுதப் புகுவது தகுமோ என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். அத்தகைய கதைகளைப் படிப்போர் பொழுதை வீணாக்குகின்றனர் என்றும், அவற்றை ஆராய்வோர் அவரினும் மிகுதியாக வீணாக்குகின்றனர் என்றும் கூறுவார் எக்காலத்தும் உளர். அவர்க்கு யாம் நீண்ட விடை கூற வேண்டுவதில்லை. மிஷன் கல்லூரியொன்றின் தமிழ் வரலாறே தக்க விடையாகும். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய் விளங்கி 1903இல் மறைந்த பரிதிமாற் கலைஞர் ‘மதிவாணன்’ என்னும் கதையை இயற்றினார். 1898 முதல் 1911 வரை அக்கல்லூரியிலேயே தமிழ் கற்பித்த மறைமலையடிகள் ‘குமுதவல்லி’யையும் ‘கோகிலாம்பாள் கடிதங்க’ளையும் எழுதினார். அங்குப் பயின்று பட்டம் பெற்ற அ. மாதவையா 1898இல் ‘பத்மாவதி சரித்திர’த்தை வெளியிட்டார். இலக்கணக் கடலை நீந்திக் கரைகண்ட பெரியோர் தலைவன் தலைவியரைப் படைக்க நாணவில்லை. அவர் படைத்த பொருளை ஆராய யாம் நாணுவானேன்?

யாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா இதுவே: இளையோர், அவருள்ளும் சிறப்பாக இளம்பெண்கள், விரும்பிப் படிக்குங் கதைகளில் தலைவனொருவன் அவருள்ளத்தைக் கவர்வது எதனால்? அழகாலோ, வீரத்தாலோ, செல்வத்தாலோ, அன்றி வேறொன்றாலோ? இவ்வினா எமக்கு நூலகத்தில் எழுந்ததன்று, ஒரகடத்தில் எழுந்தது.

ஒரகடம், யாம் ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் குடியேறிய ஊர். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்தில் அஃது அமைந்துள்ளது. முன்னர் ஏரியையும் வயலையும் நம்பியிருந்த இப்பகுதி, அண்மையிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகத் தொடங்கியபின் விரைந்து மாறலாயிற்று. 2010இல் ரெனோ-நிஸ்ஸான் ஆலை ஒரகடத்திலேயே திறக்கப்பெற்றது. பின்னர் லாரி செய்வோரும், மோட்டார் சைக்கிள் செய்வோரும், டயர் செய்வோரும் வந்து சேர்ந்தனர். கைப்பேசி முதலிய மின்னணுப் பொருள்களைச் செய்யும் ஆலைகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் பெருகின. இவ்வாலைகளிற் பணிபுரிவோருள் பெண்களே மிகுதி. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர் தங்குதற்குரிய விடுதியொன்று திறக்கப்பெற்றது என்றால், அவர்தம் தொகையை அன்பர்கள் ஒருவாறு உய்த்துணரலாம்.

அத்தகைய பெண்கள் அறுவர் எம் மனையின் மாடியில் வாடகைக்கு இருக்கின்றனர். பன்னிரண்டாம் வகுப்போ, டிப்ளமாவோ முடித்துவிட்டுத் தொலைவிலுள்ள மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒருவர் வேலைக்குப் புறப்படும்போது மற்றொருவர் வேலை முடிந்து திரும்புவார். ஷிப்டு மாறுந்தோறும் மாடிப்படியில் செருப்பொலி கேட்கும். சம்பளத்திற் பெரும்பகுதி ஊருக்குச் சென்றுவிடும்; தம்பியின் படிப்பு, வீட்டுக் கடன், தமக்கையின் நகை என்று அதற்கு ஆயிரம் வாயில்கள். ஆலைப் பேருந்திற் செல்லும் நேரமும், உறங்குமுன் கிடைக்கும் அரைமணி நேரமுமே அவர்கட்குச் சொந்தம். அந்நேரத்தில் அவர்கள் கைப்பேசியிற் கதை படிக்கின்றனர். அவை பெரும்பாலும் காதற் கதைகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடக்கூலி கொடுக்க வந்த பெண்ணொருத்தி எம் புத்தக அலமாரியை நெடுநேரம் நோக்கிவிட்டு, “இதுல கதைப் புத்தகம் ஏதாவது இருக்கா சார்?” என்று வினவினாள். யாம் ஒன்று கொடுத்தோம். அது மாடியில் அறுவர் கையிலும் சுழன்று பத்து நாளிற் கீழே வந்தது. உடன் ஒரு தீர்ப்பும் வந்தது. அன்று முதல், திருப்பித் தரப்பெறும் ஒவ்வொரு புத்தகத்தோடும் அதன் தலைவனைக் குறித்து ஒரு தீர்ப்பும் வருதல் வழக்கமாயிற்று. நாற்பதாண்டு வகுப்பறையில் யாம் கேளாத திறனாய்வை எம் திண்ணையிற் கேட்டோம் என்பது மிகையன்று.

அத் தீர்ப்புகளுள் ஒருமனதாக வழங்கப்பெற்றது வந்தியத்தேவனைப் பற்றியது. கல்கி அவர்கள் 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ 2022லும் 2023லும் திரைப்படமாக வந்தமையால் அப்பெயர் அவர்கட்கு முன்பே அறிமுகமாயிருந்தது. காஞ்சியிலிருந்து ஓலைகளோடு புறப்படும் அவ்வீரனுக்கு நாடில்லை, அரண்மனையில்லை, குதிரையும் வாளும் வாய்ச்சாலகமுமே உடைமை. அவன் போகக்கூடாத இடத்திற் போவான்; பேசக்கூடாததைப் பேசுவான்; அகப்பட்டுக்கொண்டு விழிப்பான்; பொய்யொன்று சொல்லித் தப்புவான். கதையின் பெயருக்குரிய இளவரசரோ எல்லா நற்குணமும் நிரம்பியவர். எனினும் அறுவரும் வந்தியத்தேவனையே தேர்ந்தனர். காரணம் வினவினோம். “அருள்மொழிவர்மரைக் கும்பிடலாம் சார், வந்தியத்தேவன்கிட்டதான் பேசலாம்” என்றாள் ஒருத்தி.

இவ்விடை எம்மைச் சிந்திக்கச் செய்தது. பேசலாம் என்பதன் பொருள் யாது? தான் பேசினால் அவன் கேட்பான் என்பதன்றோ? குந்தவை அவனினும் அறிவாற்றல் மிக்கவள்; அரசியலின் நெளிவு சுளிவுகளை அறிந்தவள். அவள் இட்ட பணியை மேற்கொண்டு அவன் இலங்கைக்குச் செல்கிறான். அவளுடைய அறிவை ஒப்புக்கொள்வதால் அவனது ஆண்மை ஓரிழையுங் குறைந்ததாகக் கதையில் எங்கும் தோன்றவில்லை, அது வளர்கின்றது. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவர் தேவியார் என்று குறிக்கின்றது. அவரைப் பற்றிக் கல்வெட்டுக் கூறுவன மிகச் சிலவே. அச் சிலவற்றிலிருந்து இத்தகையதொரு தலைவனைக் கல்கியவர்கள் வளர்த்தெடுத்தனர்.

இக்குணம் தமிழ் நாவலுக்குப் புதியதும் அன்று. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளையவர்கள் 1879இல் வெளியிட்ட முதல் தமிழ் நாவலாகிய ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் கதையைக் கூறுபவன் தலைவனே. அவன் தன் பேதைமையைத் தானே நகைத்துரைக்கின்றான். ஞானாம்பாளின் மதிநுட்பத்தையோ வாயாரப் புகழ்கின்றான். அவள் ஆணுடையில் நாடொன்றை ஆளவும் செய்கிறாள். தன்னினும் மேம்பட்ட மனைவியைக் கண்டு புழுங்காது பெருமை கொள்ளும் அவ்வுள்ளமே அவனை இன்றும் நம் நண்பனாக்குகின்றது.

அடுத்து மாமல்லரைப் பற்றிய வழக்கு. ‘சிவகாமியின் சபதம்’ எங்கள் பகுதிக்கு நெருங்கிய கதை. சாளுக்கியப் புலிகேசியைப் பல்லவ நரசிம்மவர்மர் புறங்கண்ட போர்க்களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேடு குறிக்கும் மணிமங்கலம், ஒரகடத்திற்கு அண்மையிலுள்ள ஊரே. தாம் வாழும் இடம் வரலாற்றில் வருகின்றது என்றறிந்தவுடன் மாடியிலுள்ளோர் அப்புத்தகத்தை ஆவலோடு படித்தனர். ஆனால் தீர்ப்பு இரண்டாய்ப் பிரிந்தது. பகைவர் நகரில் அகப்பட்ட சிவகாமியை அழைத்துச் செல்ல மாமல்லர் மறைவாக வருகிறார். வாதாபி எரிந்தபின்னரே வெளியேறுவேன் என்று அவள் மறுக்கின்றாள். ஆண்டுகள் பல கழிந்தபின் அவர் பெரும்படையோடு வந்து சபதத்தை நிறைவேற்றுகிறார். அதற்குள் பாண்டிய இளவரசியை மணந்துகொண்டிருக்கிறார். “சொன்ன சொல்லைக் காப்பாற்றினாரே, வேறென்ன வேணும்?” என்றனர் மூவர். “சபதத்தைத்தான் காப்பாத்தினாரு, அவளை இல்ல” என்றனர் மற்ற மூவர். இவ்வழக்கு இன்றும் முடிவுறவில்லை. எனினும் ஒன்று விளங்கிற்று: நகரத்தை வென்று எரிக்கும் வீரமுங்கூட, அவள் உள்ளத்தில் உள்ளது யாதென்று அறியும் கருத்துக்கு ஈடாகாது என்பதை இவ்விளம் படிப்பாளிகள் நன்குணர்ந்திருந்தனர்.

இனி, எம் அலமாரியில் இல்லாத வேறொருவகைத் தலைவனைப் பற்றிக் கூறவேண்டும். கைப்பேசிக் கதைகளிற் பெரிதும் உலாவுபவன் அவனே. நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிப் பல்லாயிரம் பெண்களைப் படிக்கச் செய்த ரமணிசந்திரன் அவர்களின் கதைகளிலும் அவனுக்கு முன்னோர் உளர். அவன் செல்வன், அழகன், சினத்தன், தலைவியைத் தவறாக எண்ணிக் கடுஞ்சொற் கூறுபவன். முன்னோர் ஓரளவில் நின்றனர். இக்காலத்து வழித்தோன்றல்களோ எல்லை கடந்தனர். அவளைப் பின்தொடர்தல், மிரட்டுதல், விருப்பமின்றித் தாலி கட்டுதல் முதலியனவும் காதலின் அடையாளமாக எழுதப்பெறுகின்றன. இறுதி அதிகாரத்தில் அவன் மனமுருகுவான், தலைவி மன்னிப்பாள், கதை முடியும். எம் மாடிப் பெண்கள் இவற்றையும் விரும்பியே படித்தனர். வந்தியத்தேவனை மெச்சிய வாயே இவனையும் மெச்சக் கேட்டு யாம் வியப்புற்றோம்.

எனினும் இவ்வியப்பு தமிழ்நாட்டிற்கே உரியதன்று. ஆங்கிலத்தில் நாவல் தோன்றிய காலத்திலேயே இச்சிக்கலும் தோன்றிவிட்டது. சாமுவேல் ரிச்சர்ட்சன் 1740இல் ‘பமேலா’ என்னும் கதையை வெளியிட்டார். அதில் பணிப்பெண்ணொருத்தியை வருத்தும் செல்வன் இறுதியில் திருந்தி அவளையே மணக்கின்றான். பின்னர் அவரே 1747, 1748 ஆகிய ஆண்டுகளில் ‘கிளாரிசா’ என்னும் பெருங்கதையைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அதில் லவ்லேஸ் என்பான் அழகும் சாதுரியமும் மிக்கவன். கிளாரிசாவை வஞ்சித்துக் கொண்டுபோய், அவள் மறுப்பை மதியாது அவட்குப் பெருந்தீங்கு இழைக்கின்றான். கதை முடியுமுன்னரே, அவன் திருந்தி அவளை மணப்பதாக முடிக்கவேண்டுமென்று வாசகப் பெண்டிர் ஆசிரியரை வேண்டினர். அவர் இசையவில்லை, கிளாரிசா இறந்தாள். தீயொழுக்கம் உடையவன் திருந்தினால் நற்கணவன் ஆவான் என்னும் கொள்கை கேடு பயப்பது என்று முன்னுரையிலும் எழுதி வைத்தார். லவ்லேஸை விரும்பிய அப்பெண்டிர்க்கும் எம் மாடியிலுள்ளோர்க்கும் இடையே ஏறக்குறைய இருநூற்றெண்பது ஆண்டுகள் உள. உள்ளம் மட்டும் ஒன்றே.

இவ்வளவும் யாம் ஏட்டாராய்ச்சியாகவே எண்ணியிருந்தபோது, ஒருநாள் அது நடைமுறைச் செய்தியாயிற்று. அறுவருள் இளையவளான ஒரு பெண்ணை இளைஞனொருவன் சில கிழமைகளாகப் பின்தொடர்ந்து வந்தான். அவள் ஆலைப் பேருந்தினின்று இறங்கும் இடத்தில் மோட்டார் சைக்கிளோடு காத்திருப்பான். இரவு ஷிப்டு முடிந்து வைகறையில் வந்தாலும் நிற்பான். எவ்வாறோ அவளுடைய கைப்பேசி எண்ணையும் பெற்றான். அவள் வேண்டாமென்று கூறியபின், கையைக் கீறிக்கொண்ட படத்தை அனுப்பினான். “நம்ம கதையில வர்ற ஹீரோ மாதிரியே இருக்கானே!” என்று உடனிருந்தவள் ஒருத்தி விளையாட்டாகக் கூறினாள். அன்று அப்பெண் எம் மனைவியாரிடம் வந்து அழுதாள். ஊருக்குத் தெரிந்தால் வேலையை விட்டு வரச்சொல்வார்களே என்பது அவளது முதல் அச்சம். அவன் என்ன செய்வானோ என்பது இரண்டாம் அச்சம். அழுகை தணிந்தபின் அவள் கேட்ட கேள்வியை யாம் மறக்கவியலாது: “இதையே கதையில படிச்சா நல்லாயிருக்கு அம்மா. ரோட்டுல பார்த்தா ஏன் இவ்வளவு பயமா இருக்கு?”

அவ்வினாவுக்கு விடை காண அன்றிரவு திண்ணையில் எழுவர் கூடினோம். எம் மனைவியாரையும் சேர்த்து எண்மர். பேசியவற்றைத் தொகுத்து ஈண்டுத் தருகின்றோம்.

முதலாவது, கதையில் ஆசிரியர் நமக்கு அவனது நெஞ்சைத் திறந்து காட்டிவிடுகின்றார். அவன் சினந்தாலும் உள்ளே அன்புண்டு என்பதைப் படிப்பவள் அறிவாள். முடிவு நன்முடிவென்பதையும் அறிவாள். அச்சம் மிகுந்தால் கைப்பேசியை அணைத்துவிட்டு உறங்கலாம். சாலையில் நிற்பவனது நெஞ்சை எந்த ஆசிரியரும் திறந்து காட்டுவதில்லை. அவன் கதைக்கு முடிவெழுதித் தருவோரும் இல்லை.

இரண்டாவது, கடுமையான தலைவனிடத்து இனிப்பது அவனது கடுமையன்று. அக்கடுமை நெகிழ்வதே இனிக்கின்றது. இதனை அப்பெண்களே கண்டு கூறினர். அவர்தம் வாழ்வை எண்ணிப் பாருங்கள். எந்த ஷிப்டு என்பதை ஆலை வகுக்கின்றது. எத்தனை நொடியில் ஒரு பாகத்தைப் பொருத்தவேண்டும் என்பதை இயந்திரம் வகுக்கின்றது. எப்போது எவரை மணப்பது என்பதை வீட்டார் வகுக்கின்றனர். எவரும் அவர் கருத்தை வினவுவதில்லை. அத்தகையாள் ஒருத்தி, எவர்க்கும் வளையாத வல்லாளன் ஒருவன் தன் சொல்லுக்கு வளைவதாகப் படிக்கும்போது மகிழாதிருப்பாளோ? கடைசி அதிகாரத்தின் அந்த ஒரு வளைவுக்காகவே முன்னுள்ள நாற்பது அதிகாரக் கொடுமையையும் பொறுத்துக்கொள்கின்றாள். விலை மிகுதிதான், ஆயினும் வாங்கும் பொருள் இன்னதென்பதில் ஐயமில்லை.

மூன்றாவது, இவ்விரண்டிலிருந்தும் ஓர் உரைகல் கிடைத்தது. ‘வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டபின் தலைவன் என்ன செய்கின்றான்? அவனை அளக்க இவ்வொன்றே போதும். இக்கல்லில் உரைத்தபோது தலைவரெல்லாம் தத்தம் மாற்றுக் காட்டினர். 1813இல் ஜேன் ஆஸ்டின் படைத்த டார்சி செருக்குடையவன், எலிசபெத்தின் குடும்பத்தை இழித்துப் பேசிக்கொண்டே மணம் வேண்டுகின்றான், அவள் மறுக்கின்றாள். அவன் மறுநாள் தன் பக்கத்து உண்மையை ஒரு கடிதத்தில் எழுதிக் கையிற் கொடுத்துவிட்டு விலகிச் செல்கின்றான். அவள் கூறிய குற்றத்தைத் தன்பாற் கண்டு திருந்துகின்றான். அவள் குடும்பத்துக்கு நேர்ந்த இடரை அவள் அறியாமலே நீக்குகின்றான். கடுமையும் நெகிழ்ச்சியும் அவனிடத்து உள. ஆயின் இடையில் மிரட்டல் இல்லை. லவ்லேஸும் மறுப்பைக் கேட்டான். கேட்டபின் கதவைத் தாழிட்டான். இருவர்க்கும் உள்ள வேறுபாடு செல்வத்தாலன்று, அழகாலன்று. அவளது ஒரு சொல்லைக் கொண்டு இருவரும் செய்தவற்றால் ஆயது.

இவ்வுரைகல் மேனாட்டாரிடம் இரவல் பெற்றதோ என்று அன்பர்கள் எண்ணற்க. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், தலைவனும் தலைவியும் ஒத்திருத்தற்குரிய பத்துப் பண்புகளைத் தொகுக்கின்றார். குடியும் உருவும் திருவும் அவற்றுள் உள. நிறையும் அருளும் உணர்வும் உள. அதனோடு அமையாது, இருத்தலாகாதன எவை என்றும் அடுத்த நூற்பாவிற் கூறுகின்றார். கொடுமை, வன்சொல், தன்னைத் தானே வியத்தல், பொச்சாப்பு என்பன அப் பட்டியலில் அடங்கும். இன்றைய கைப்பேசிக் கதைத் தலைவர் பலர் அந்நூற்பாவின் வாயிலிலேயே தடுத்து நிறுத்தப்பெறுவர்.

தோழியின் தொழிலையும் நினைவுகூர்க. சங்க அகப்பாட்டில் தலைவன் வந்து இரந்து நிற்பான்; தோழி அவனைச் சேட்படுத்துவாள். இவள் அதற்குரியள் அல்லள் என்பாள்; நாளை வா என்பாள்; காவல் கடிது என்பாள். மறுப்பைத் தாங்கும் பொறுமை அவன்பால் உண்டோ என்று தோழி செய்யும் தேர்வு அது. பனைமடலாற் செய்த குதிரையேறித் தெருவில் வருவேன் என்று அவன் அச்சுறுத்துதலும் உண்டு. கையைக் கீறிப் படம் அனுப்புதல் அதன் வழியே வந்ததுபோலும்! ஆயின் தொல்காப்பியர் அவ்விடத்துக் கோடு கிழித்துவிட்டார். மடலேறுவேன் என்று சொல்லுதல் வேறு. ஏறிவிட்டால் அது பெருந்திணை. வலிந்து கொள்ளும் காமமும் பெருந்திணை. அன்புடைக் காமமாகிய ஐந்திணைக்குள் இவற்றுக்கு இடமில்லை. இதனைக் கேட்ட பெண்ணொருத்தி, “அப்பவே இதைக் காதல்ல சேர்க்கலையா சார்?” என்று வியந்தாள். சேர்க்கவில்லை என்றோம்.

அகத்திணைத் தலைவனுக்குப் பெயர் சுட்டலாகாது என்பதும் பழைய மரபே. பெயரும் ஊரும் அரசும் அவனுக்குத் தேவையில்லை. அவன் எவ்வாறு நடந்துகொள்கிறான் என்பது மட்டுமே அப்பாட்டுக்கு வேண்டும். பிற்காலத்தில் இதன் மறுதலையும் நிகழ்ந்தது. நா. பார்த்தசாரதி அவர்களின் ‘குறிஞ்சி மலர்’ கல்கி இதழில் வெளிவந்தபின், அதன் தலைவனாகிய அரவிந்தன் பெயரையும் தலைவியாகிய பூரணி பெயரையும் தமிழ்ப் பெற்றோர் பலர் தம் மக்கட்கு இட்டனர். அரவிந்தனோ அச்சகத்திற் பணிபுரியும் ஏழை இளைஞன், ஒருவரையும் மிரட்டாதவன், பூரணியின் உயர்வைத் தன் உயர்வாகக் கருதியவன். மென்மையுடைய தலைவன் சுவையற்றவன் என்பார்க்கு இதுவே மறுப்பு. கொடுமைக்காரத் தலைவனை இரவிற் படித்து மகிழ்வோர் உண்டு; அவன் பெயரைத் தம் பிள்ளைக்கு இடுவோரை யாம் கண்டிலேம்.

அப்பெண்ணின் செய்தி என்னாயிற்று என அன்பர்கள் வினவுவர். மறுநாள் அறுவரும் ஒருங்கே பேருந்தினின்று இறங்கினர். எம் மனைவியாரும் யாமும் அங்கு நின்றோம். அவள் அவனை நோக்கி, “எனக்கு விருப்பமில்லை, இனிமேல் இங்கே வராதீங்க” என்று பலர் கேட்கக் கூறினாள். பெண்ணொருத்தி மறுத்தபின்னும் அவளைத் தொடர்தல் குற்றமென 2013இலேயே சட்டம் செய்யப்பட்டது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவும் அதனையே கூறுகின்றது. அப்பிரிவைக் குறித்துக் காவல் நிலையத்துக்கு ஒரு விண்ணப்பமும் எழுதி வைத்திருந்தோம். அவன் மறுநாளும் வந்தான். அறுவரும் மறுபடி சேர்ந்து நின்றனர். விண்ணப்பத்தை எம் மனைவியார் படித்துக் காட்டினார். அதன்பின் அவன் வரவில்லை. அவள் தானே தந்தையாரைக் கைப்பேசியில் அழைத்து நிகழ்ந்தவற்றைக் கூறினாள். அவர் வேலையை விட்டு வரச்சொல்லவில்லை. “நீ செஞ்சது சரி” என்றாராம். மகளின் சொல்லைக் கேட்ட அத் தந்தையும் எம் கணக்கில் ஒரு தலைவரே.

அவர்கள் கைப்பேசிக் கதைகளை விட்டுவிட்டனரோ எனின், இல்லை. விடவேண்டுமென்று யாமும் கூறவில்லை. ஓய்ந்த உடலுக்கு ஒரு கதை வேண்டும். அது சிலவேளை சர்க்கரை மிகுந்த தேநீராகவும் இருக்கலாம். ஆனால் இப்போது அவர்கள் படிக்கும் முறை மாறிவிட்டது. தொடர்கதையின் அதிகாரம் முடிந்தவுடன் மாடியில் ஒருத்தி, “இவன் ‘வேண்டாம்’ டெஸ்டுல பெயில்!” என்று உரக்கக் கூறுவதும், மற்றவர் நகைப்பதும் எம் செவிக்கு எட்டுகின்றன. ஆலையில் ஒவ்வொரு பொருளையும் சோதித்து முத்திரையிடும் கைகள் அல்லவா அவை? தலைவர்களையும் அவ்வாறே சோதிக்கக் கற்றுக்கொண்டன.

இவற்றாற் பெறப்படுவது யாதெனின்: அழகும் வீரமும் செல்வமும் தலைவனைக் காணச் செய்யும், நகைச்சுவை அவனோடு நட்புக்கொள்ளச் செய்யும், ஆயின் அவனை நெஞ்சில் நிறுத்துவது, பிறளொருத்தியின் சொல் தன் செயலை மாற்றுதற்கு இடங்கொடுக்கும் பெருந்தன்மையே. எதற்கும் அசையாதவன் சிலையாவான். அவள் சொல்லுக்கு அசைபவனே தலைவனாவான்.

நம் கல்லூரி மாணவர்காள்! உம்முள் எத்தனையோ பேர் நாளை இவ்வொரகடச் சாலையில் பொறியியலாளராகவும் மேலாளராகவும் அலுவலராகவும் வந்து சேர்வீர். உம் கீழ்ப் பணிபுரிவோருள் எம் மாடிப் பெண்கள் போன்றோர் பல்லாயிரவர் இருப்பர். கதையிற் போலவே வாழ்விலும் அவர்கள் உம்மை உரைத்துப் பார்ப்பர். உம் சட்டையையும் வண்டியையும் பார்த்தன்று, தாம் கூறும் மறுப்பை நீவிர் எவ்வாறு ஏற்கின்றீர் என்பதைப் பார்த்தே. மாணவியர்காள்! நீவிர் எக்கதையையேனும் விரும்பிப் படியுங்கள். படிக்கும்போது அவ்வுரைகல்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கதை எழுதும் ஆற்றல் உடையோர் உம்மில் இருப்பின், யாம் வேண்டுவது ஒன்றுண்டு. இரவு ஷிப்டு முடிந்து வரும் பெண்ணொருத்தி, நாற்பது அதிகாரக் கொடுமையைத் தாண்டாமலே, முதல் அதிகாரத்திலேயே தன் சொல்லைக் கேட்கும் தலைவன் ஒருவனைக் காணத்தக்க கதையொன்றை எழுதித் தாருங்கள். அதனை வைப்பதற்கு எம் அலமாரியில் இடமுண்டு. படிப்பதற்கு மாடியில் ஆளுண்டு.